மும்பையில் பிரிஸ்கெட் எங்கே கிடைக்கும்? கடையில் ‘சீனா’ என்று கேளுங்க

டெக்சாஸ் பார்பிக்யூ வீடியோக்கள் பார்ப்பவர்களுக்கு அந்தத் துண்டு நன்றாகத் தெரியும். மேலே கன்னங்கரேலென்று மொறுமொறு ஓடு. கத்தி இறங்கியதும் உள்ளே மினுங்கும் ஈரம். ஒரு சீவலை விரலில் தொங்கவிட்டால் வளையும், அறுந்து விழாது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புகையில் வெந்த பிரிஸ்கெட் அது. செம்பூரிலும் சயானிலும் பவாயிலும் வாடகைக்கு இருக்கும் தமிழ் இளைஞர்களில் சிலர் இப்போது சின்ன ஸ்மோக்கரோ கெட்டில் கிரில்லோ வாங்கி வைத்திருக்கிறார்கள். அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: கறிக்கு எங்கே போறது?

கறி கிடைக்கும். விலையும் மட்டனில் பாதிக்கும் குறைவுதான். ஆனால் வீடியோவில் பார்த்த அதே கறி மும்பையில் சட்டப்படி கிடைக்காது. இங்கே கிடைப்பது எருமை. அதற்கு ஏற்றபடி வாங்கவும் சமைக்கவும் தெரிந்துகொண்டால் பிரிஸ்கெட் செய்ய முடியும். தெரியாமல் இறங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செருப்புத்தோல் சமைத்த மாதிரி ஆகிவிடும்.

பிரிஸ்கெட் என்பது எந்தக் கறி?

மாட்டின் முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கும் நெஞ்சுக்கறி. ஆட்டில் நம்ம ஊர்க் கடைக்காரர்கள் மார்கண்டம் என்று சொல்லும் அதே இடம். மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. அதனால் உடம்பின் முன்பாரத்தை நெஞ்சுத் தசைகள்தான் தூக்கிப் பிடிக்கின்றன. வாழ்நாள் முழுக்க பாரம் சுமந்த தசை கெட்டியாகத்தானே இருக்கும்? அதில் இணைப்புத் திசு, அதாவது கொலாஜன், நிறைய. சட்டென்று வறுத்தால் மெல்லவே முடியாது. மெதுவாக மணிக்கணக்கில் சூடேற்றினால் கொலாஜன் உருகி ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கெட்டியாக உறைகிறதே, அதே பொருள்தான். பிரிஸ்கெட்டின் பளபளப்பும் வழவழப்பும் அதிலிருந்துதான் வருகின்றன.

ஒரு முழு பிரிஸ்கெட்டில் இரண்டு தசைகள் உண்டு. தட்டையாக, கொழுப்புக் குறைவாக இருப்பது ஃப்ளாட். அதன் மேல் ஒரு முனையில் தடிமனாக, கொழுப்போடு உட்கார்ந்திருப்பது பாயிண்ட். இரண்டுக்கும் நடுவில் ஒரு கொழுப்புப் படலம். ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் இது மலிவுக்கறிதான். யூதக் குடும்பங்கள் மெதுவாக வேகவைத்துச் சாப்பிட்டன. மத்திய டெக்சாஸில் ஜெர்மன், செக் குடியேறிகள் நடத்திய கசாப்புக் கடைகள் விற்காமல் மிஞ்சும் கறியைப் புகையில் போட்டு விற்றன. யாரும் வாங்காத கறியைப் பொறுமையால் ருசியாக்கிய பண்டம் இது. அடுப்புக்கு மேலே உப்புக்கண்டம் கட்டித் தொங்கவிட்ட பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்லை.

சட்டம் எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது?

மகாராஷ்டிராவில் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1976-லிருந்தே இருக்கிறது. பசுவை வெட்ட அதிலேயே தடை. காளையையும் எருதையும், வேலைக்கோ இனப்பெருக்கத்துக்கோ உதவாது என்று அதிகாரி சான்று கொடுத்தால் வெட்டலாம் என்ற நிலை இருந்தது. 1995-ல் சிவசேனா-பாஜக அரசு இருந்தபோது காளைக்கும் எருதுக்கும் தடையை நீட்டி ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. அது 20 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. குடியரசுத் தலைவராக இருந்த பிரணாப் முகர்ஜியின் ஒப்புதல் கிடைத்து 2015 மார்ச்சில் அமலுக்கு வந்தது. வெட்டினால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். அப்படி வெட்டிய கறியை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம்.

2016 மே 6-ல் பாம்பே உயர் நீதிமன்றம் (நீதிபதிகள் ஏ.எஸ். ஓகா, எஸ்.சி. குப்தே) தீர்ப்பளித்தது. வெட்டுவதற்கான தடை செல்லும். ஆனால் வேறு மாநிலத்தில் சட்டப்படி வெட்டிய கறியை இங்கே வைத்திருப்பதையும் குற்றமாக்கிய பிரிவு செல்லாது, அது தனிமனித அந்தரங்க உரிமையை மீறுகிறது என்றது நீதிமன்றம். தான் குற்றவாளி இல்லை என்று பிடிபட்டவரே நிரூபிக்க வேண்டும் என்ற பிரிவும் ரத்தானது. சட்டவிரோதமாக வெட்டிய கறி என்று தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்றும் விளக்கியது. இதன் மீதான மேல்முறையீடுகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயுள்ளன.

இந்தத் தடைக்கு வெளியே நிற்பது எருமை. பெண் எருமைக்கும் எருமைக் கன்றுக்கும் அதிகாரியின் சான்று வேண்டும், அவ்வளவுதான். இன்று மும்பைக் கடைப் பலகையில் ‘பீஃப்’ என்றும், ரெஸ்டாரன்ட் மெனுவில் ‘பஃப்’ என்றும், கடைக்காரர் வாயில் ‘படே கா’ என்றும் வருவதெல்லாம் எருமைக்கறிதான்.

“அப்போ கேரளாவிலிருந்து கொண்டு வரலாமே?” என்று சிலர் கேட்பார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி வாதம் பண்ணலாம். ஆனால் தரைவழியில் வந்தால் நடுவில் கர்நாடகம் இருக்கிறது. அங்கே 2020-ல் கொண்டு வந்த சட்டம் இன்னும் கடுமை. 13 வயதுக்குக் குறைந்த எருமையைக்கூட வெட்ட முடியாது. இந்த வாதத்தை ரயிலில் ஐஸ் பெட்டியோடு நின்று நடத்த வேண்டியிருக்கும் என்பதையும் யோசிச்சுக்கோங்க. வெளிநாட்டுப் பிரிஸ்கெட்டும் வழியில்லை. எந்த வடிவத்திலும் பீஃப் இறக்குமதி செய்ய இந்திய இறக்குமதிக் கொள்கையில் தடை. ‘ஆஸ்திரேலிய பிரிஸ்கெட், வீட்டுக்கே டெலிவரி’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பினால் அது பொய்யாக இருக்கும், இல்லாவிட்டால் கள்ளச்சரக்காக இருக்கும்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடையில் போய் “எருமை வேணாம், ஒரிஜினல் பீஃப் இருக்கா?” என்று கேட்காதீங்க. உங்களுக்கு அது ருசி பற்றிய சாதாரணக் கேள்வி. அவருக்கு 5 ஆண்டு சிறைக்கான கேள்வி. நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த முறை நீங்கள் போனால் நல்ல துண்டு எடுத்துக் கொடுக்கவும் மாட்டார்.

எருமை பிரிஸ்கெட் எப்படி இருக்கும்?

அமெரிக்க பிரிஸ்கெட் சோளம் தின்று கொழுத்த இளம் மாட்டிலிருந்து வருகிறது. தசைக்குள்ளேயே வெள்ளை நரம்பு மாதிரி கொழுப்பு ஓடும். எருமைக்கறியில் அது மிகக் குறைவு. நிறம் அடர் சிவப்பு, வெட்டி வைத்த சிறிது நேரத்தில் கருஞ்சிவப்பு. கொழுப்பு பால் மாதிரி வெள்ளை. தீனியிலிருக்கும் கரோட்டினை எருமை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடும், அதனால் மஞ்சள் ஏறாது. எருமைப்பால் வெள்ளையாகவும் பசும்பால் லேசான மஞ்சளாகவும் இருப்பதற்கும் இதே காரணம்தான். ஒரு துண்டில் கொழுப்பு மஞ்சளாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்க. அது ஆதாரம் ஆகாது, ஆனால் அறிகுறி.

வயது இங்கே ரொம்ப முக்கியம். மும்பைச் சந்தைக்கு வருவதில் பால் வற்றிய எருமைகளும் உண்டு, இளம் ஆண் எருமைகளும் உண்டு. நகரம் முழுக்க டீயில் ஊற்றும் பாலில் பெரும்பங்கு எருமைப்பால். அந்தப் பால் வியாபாரத்தின் மறுபக்கம்தான் இந்தக் கறி வியாபாரம். பத்துப் பன்னிரண்டு வருஷம் கறந்த எருமையின் நெஞ்சுக்கறியும் புகையில் இளகும், ஆனால் நார் நாராகப் போகும். இளம் ஆண் எருமைக்கு இந்திக்காரக் கடைகளில் ‘பாடா’ என்று பெயர். பிரிஸ்கெட்டுக்குத் தேட வேண்டியது அதைத்தான்.

பார்த்தே கண்டுபிடிக்கலாம். தசைநார் பொடிசாக, நெருக்கமாக இருந்தால் இளசு. கயிறு மாதிரி முரடாக இருந்தால் முதிர்ந்தது. நெஞ்செலும்பைப் பாருங்க. இளம் விலங்கில் எலும்பு செந்நிறமாக, நுனியில் குருத்தெலும்போடு இருக்கும். கிழடில் அது வெளுத்து இறுகிப்போயிருக்கும். எலும்பை எடுத்து வைத்த துண்டைவிட எலும்போடு தொங்குகிற நெஞ்சைக் காட்டச் சொல்லி, பிறகு எலும்பை எடுக்கச் சொல்வது நல்லது.

சரி, எங்கே போறது?

எல்லா வழியும் தேவனாரில் தொடங்குகிறது. மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் அங்கே 1971-லிருந்து இயங்குகிறது. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர்கள் பரிசோதிக்கும் இடம். அங்கே சில்லறையாக வாங்க முடியாது. ஆனால் அங்கிருந்து வண்டி விடியலில் எந்தக் கடைக்கு முதலில் போகிறதோ, அந்தக் கடையில் கறி புதுசு. அந்தக் கணக்கில் செம்பூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். செம்பூரின் ஓட்டல், காபித்தூள் கடைத் தெருக்களில் தேடினால் கிடைக்காது. கிழக்கே கோவண்டி, தேவனார் பக்கம் போனால் கடைகள் வரிசையாக இருக்கும். குர்லா இன்னொரு நல்ல இடம். அங்கே குரேஷி நகர் என்றே ஒரு பகுதி உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கசாப்புத் தொழில் செய்யும் சமூகத்தின் பெயர் அது. கை தேர்ந்தவர்கள். ஒரு நெஞ்சை முழுதாகக் கழற்றிக் கொடு என்றால் ஏன் எதற்கு என்று கேட்காமல் கழற்றுவார்கள்.

தாராவிக்கும் மாட்டுக்குமான உறவு பழையது. அதைக் கட்டியதில் தமிழர் பங்கு பெரிது. தேவனாருக்கு முன்னால் இறைச்சிக்கூடம் பாந்த்ராவில் இருந்தது, மாஹிம் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துத் தாராவியில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிடும் தொட்டிகள் போட்டார்கள். வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இன்று தாராவியில் திருநெல்வேலித் தமிழ் கேட்பதற்கு அந்தத் தோலும் ஒரு காரணம். இறைச்சிக்கூடம் தேவனாருக்குப் போனதும் பதனிடும் தொழில் தாராவியை விட்டு விலகத் தொடங்கியது. தோல் பை, பெல்ட் பட்டறைகள் மிஞ்சின. 2015 தடை அவர்களையும் அடித்தது.

கறிக்கடைகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. 90 அடிச் சாலை, தாராவி மெயின் ரோடு வட்டாரத்தில் தமிழிலேயே பேசி வாங்கலாம். “அண்ணே, நெஞ்சு முழுசா வேணும், வெட்டாதீங்க, கொழுப்பை எடுக்காதீங்க” என்று சொன்னால் புரிந்துவிடும். புதிதாக வாங்குபவருக்கு மொழி தெரிந்த கடையைவிடப் பெரிய வசதி கிடையாது. ஆனால் இங்கே விற்பனை பெரும்பாலும் குழம்புக்கும் சுக்காவுக்கும். காலை எட்டு மணிக்குள் நெஞ்சு துண்டாகிக் கலவைக் கறியில் சேர்ந்திருக்கும். முந்தைய நாளே சொல்லி, கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிட்டு வரணும். தாராவி மறுசீரமைப்பு வேலை நடக்கிறது. கடைகள் இடம் மாறலாம், விசாரித்துவிட்டுப் போங்க.

மாட்டுங்காவில் என்ன கிடைக்கும்? கறி கிடைக்காது, தேடவும் வேண்டாம். ஆனால் மற்ற எல்லாம் அங்கேதான். டெக்சாஸ் மசாலா என்பது பெரும்பாலும் உப்பும் கொரகொரப்பான மிளகும் மட்டுமே. சிலர் காபித்தூளும் சேர்ப்பார்கள். நல்ல மிளகும், சிக்கரி கலக்காமல் அரைத்த காபித்தூளும், கறியைச் சுற்ற அகலமான வாழையிலையும் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். டெக்சாஸ்காரர்கள் நடுவில் காகிதத்தில் சுற்றுகிறார்கள். வாழையிலையில் சுற்றி அதன் மேல் அலுமினியத் தாள் போட்டால் அதே வேலை நடக்கும், இலை மணமும் ஏறும்.

இவை தவிர பாந்த்ராவிலும் கிராஃபோர்ட் மார்க்கெட்டிலும் பழைய இறைச்சிக் கடைகள் உண்டு. பாந்த்ராவில் ஈஸ்ட் இந்தியன், கோவா குடும்பங்கள் தலைமுறையாக வாங்குவதால் ‘பிரிஸ்கெட்’ என்ற சொல்லே புரியும். அவர்கள் உப்பில் ஊறவைக்கும் கறிக்கு இதைத்தான் கேட்பார்கள். பெரிய இறைச்சி ஆப்கள் பெரும்பாலும் கோழி, ஆடு, மீனோடு நின்றுவிடுகின்றன.

கடையில் என்ன சொல்லணும்?

இந்தி, உருது பேசும் கடையில் நெஞ்சுக்கு ‘சீனா’ என்று பெயர். நாடு இல்லை, நெஞ்சு. “பூரா சீனா சாஹியே, ஹட்டி நிகால் தோ, காட்னா நஹி, சர்பி மத் நிகால்னா.” இந்த ஒரு வரி போதும். கடைசிப் பகுதியை அழுத்திச் சொல்லுங்க. சர்பி என்றால் கொழுப்பு. கொழுப்பைச் சீவி எடுத்துத் தருவதுதான் நல்ல கடைக்காரரின் அடையாளம் என்பது இங்கே பழக்கம். நீங்க ‘வேணாம், இருக்கட்டும்’ என்றால் அவருக்கு ஆச்சரியமாக இருக்கும். கூடவே அரைக் கிலோ தனிச் சர்பியும் கேளுங்க. பெரும்பாலும் சும்மாவே போட்டுக் கொடுப்பார். ஏன் என்று கீழே வரும்.

புதுசாகப் போகிறவர்கள் செய்யும் தவறு ‘அண்டர்கட்’ கேட்பது. மும்பையில் அண்டர்கட் என்றால் டெண்டர்லாயின், முதுகுக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற கறி, விலையும் அதிகம். ஸ்டேக்குக்கு அது அருமை. பத்து மணி நேரம் புகையில் போட்டால் பஞ்சாகிவிடும்.

துண்டு இரண்டரை கிலோவுக்குக் குறைய வேண்டாம். சின்னத் துண்டு கொலாஜன் உருகும் முன்பே காய்ந்துவிடும். கையில் தூக்கினால் இரண்டு பக்கமும் தொய்ந்து விழணும். பலகை மாதிரி நிற்கிற துண்டை வைத்துவிட்டு வேறு கேளுங்க. முதல் முறையாகச் செய்பவர்களுக்கு என் சிபாரிசு வேறு: நெஞ்சுக்குப் பதில் ‘பஸ்லி’, அதாவது விலா எலும்போடு கறி வாங்குங்க. எருமையிலும் அங்கே அடுக்கடுக்காகக் கொழுப்பு இருக்கும். கொஞ்சம் பிசகினாலும் சாப்பிட முடியும்.

பில் கேட்டு வாங்குங்க. உணவுக் கடை பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து விதி. சின்னக் கடையில் அச்சடித்த பில் இல்லையென்றால், கடைப்பெயர் உள்ள தாளில் ‘எருமை’ என்று எழுதி, தேதி போட்டுத் தரச் சொல்லலாம். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

பில் எதற்கு இவ்வளவு முக்கியம்?

2024 ஆகஸ்ட் கடைசியில் ஜல்காவ் மாவட்டத்து முதியவர் ஒருவர், கல்யாணில் இருக்கும் மகள் வீட்டுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். இகத்புரி அருகே சக பயணிகள் அவரைச் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். டப்பாவில் மாட்டுக்கறி வைத்திருக்கிறார் என்ற சந்தேகம். எருமைக்கறி என்று அவர் சொன்னது எடுபடவில்லை. அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. 2025-ல் மகாராஷ்டிராவின் பல மாவட்டங்களில் குரேஷி வியாபாரிகள் மாடு வாங்குவதையும் விற்பதையும் நிறுத்திப் போராடினார்கள். சட்டப்படி எருமை ஏற்றிப் போகும் வண்டிகளையும் பசுப் பாதுகாவலர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் மறித்து அடிக்கிறார்கள், பணம் பறிக்கிறார்கள் என்பது அவர்களுடைய புகார்.

எருமையும் மாடும் ஒன்றல்ல என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ரயில் பெட்டியில் அதைப் படித்துக் காட்ட நேரம் இருக்காது. இதில் எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை என்பதும் உண்மை. ஐடி கார்டு கழுத்தில் தொங்க, கூலர் பையோடு டாக்சியில் போகிறவரை யாரும் நிறுத்துவது அபூர்வம். அதே கறியைக் கடைக்குக் கொண்டு வருகிற டெம்போ ஓட்டுநருக்குத் தினமும் அந்த பயம் உண்டு. நீங்க செய்யக்கூடியது: கசியாத டப்பாவில் மூடி, கூலர் பையில் வைத்து, பில்லோடு, ஆட்டோவிலோ டாக்சியிலோ நேராக வீட்டுக்குப் போவது. உச்ச நேர லோக்கலில் வேண்டாம். யாராவது தடுத்தால் வாக்குவாதத்தில் இறங்காமல் 112-ஐக் கூப்பிடுங்க.

வீட்டுக்கு வந்ததும்

மும்பைக் கறி அன்று விடியலில் வெட்டியது. குளிரூட்டாமல், இன்னும் இறுக்கம் விடாமல் இருக்கும். அதை நேராக ஃப்ரீஸரில் தள்ளினால் தசை சுருங்கி இறுகும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அந்த இறுக்கம் முழுதாகப் போகாது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், தட்டில் வைத்து மூடி, இரண்டு மூன்று நாள் விடுங்க. கறியிலேயே இருக்கும் நொதிகள் தசைநாரைத் தளர்த்தும். வியாழக்கிழமை வாங்கி ஞாயிற்றுக்கிழமை சமைப்பது சரியான கணக்கு. சனி இரவு உப்பும் மிளகும் தடவி வைத்துவிடுங்க.

விறகு விஷயத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. டெக்சாஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லும் மெஸ்கீட் மரம் நம்ம சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் கரி அந்த மரத்திலிருந்துதான் வருகிறது. வயலைக் கெடுக்கிறது என்று நாம் திட்டும் மரம், அங்கே பாக்கெட்டில் பிராண்டு போட்டு விற்கிறது! கரியை அடிநெருப்புக்கு வைத்து, புகைக்கு இரண்டு மூன்று மரக்கட்டை மட்டும் போடுங்க. அந்தப் புகை காரமானது, அளவு மீறினால் கசக்கும். மாமரக்கட்டை கிடைத்தால் இன்னும் மென்மை.

அடுப்பு 110-லிருந்து 120 டிகிரி செல்சியஸ். கறிக்குள் செருகும் தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீங்க, நேரக் கணக்கு யாருக்கும் சரியாக வராது. உள்சூடு 65-லிருந்து 75-க்குள் வரும்போது மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். அடுப்பு அணைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கறியின் மேல் வியர்வை மாதிரி வரும் நீர் ஆவியாகி, ஏறும் சூட்டைத் தணிக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க மாட்டுக்கறி என்றால் அதன் கொழுப்பே காப்பாற்றும். எருமைக்கு அந்தக் காப்பு இல்லை. அதனால் அந்த நிலை வந்ததுமே இலையிலும் தாளிலும் இறுக்கிச் சுற்றிவிடுங்க. தனியாக வாங்கிய சர்பி இங்கேதான் உதவும். மெல்லிய தகடாகச் சீவி ஆரம்பத்திலிருந்தே ஃப்ளாட்டின் மேல் போர்த்துங்க. சுற்றும்போது எலும்பு வேகவைத்த சூப் ஒரு கரண்டி ஊற்றுங்க. உள்சூடு 93-96 டிகிரி வந்து, கம்பி குத்தினால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் முடிந்தது. ஒரு மணி நேரமாவது சுற்றியபடியே ஆறட்டும்.

குக்கரில் நாலு விசில் விட்டால் ஆகாதா என்று வீட்டில் கேட்பார்கள். வெந்துவிடும், நல்ல சுக்காவும் ஆகும். பிரிஸ்கெட் ஆகாது.

ஃப்ளாட்டில் புகை போடலாமா?

வீட்டுக்குள் கரி எரிக்கவே கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையும் கிடையாது. மூடிய பால்கனியும் வீட்டுக்குள்தான் சேர்த்தி. மொட்டை மாடி என்றால் சொசைட்டி அனுமதியை எழுத்தில் வாங்குங்க. புகை பற்றி மும்பையில் இப்போது எல்லோரும் உஷாராக இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் பாம்பே உயர் நீதிமன்றம் விறகு, கரி எரிக்கும் பேக்கரிகளை ஆறு மாதத்தில் வேறு எரிபொருளுக்கு மாறச் சொன்னது. அந்த உத்தரவு வீட்டு கிரில்லுக்கு இல்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அதைச் சுட்டிக்காட்டுவார். வாடகை ஒப்பந்தத்தில் ‘சைவம் மட்டும்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வீட்டில் இந்த முயற்சியே வேண்டாம். கர்ஜத், அலிபாக் பக்கம் வார இறுதிக்கு வீடு எடுக்கும் நண்பர் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வது மேல்.

முழு நேரமும் புகை போட வேண்டியதும் இல்லை. புகை மணம் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே, கறியின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்போதே ஏறிவிடுகிறது. மூன்று நான்கு மணி நேரம் மாடியில் புகை காட்டி, சுற்றிக் கட்டி, மீதியை 120 டிகிரி ஓடிஜி அவனில் முடிக்கலாம். சாப்பிடுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

வெட்டும்போது நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டணும். ஃப்ளாட்டிலும் பாயிண்ட்டிலும் நார் வேறு வேறு திசையில் ஓடும். சமைத்த பிறகு மேலோட்டின் கருப்பில் அது தெரியாது. அதனால் மசாலா தடவும் முன்பே ஒரு மூலையில் நாருக்குக் குறுக்காகச் சின்னதாக ஒரு கீறல் போட்டு வைத்துக்கொள்ளுங்க. நாள் குறிக்கும் முன் கடைக்கு ஒரு போன் போடுங்க. மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி மாதிரி நாட்களிலும் பர்யுஷன் பண்டிகையின் சில நாட்களிலும் இறைச்சிக்கூடம் மூடியிருக்கும். பக்ரீத் வாரத்தில் தேவனாரில் வழக்கமான வேலை எதுவும் நடக்காது, அந்த வாரம் முழு நெஞ்சு கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்.